வாடகை கொடுக்காத அத்தை

ஜூலை மாதத்தில் எங்கள் பாலைவன ஊரான மேசாவில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். இங்கே குடியிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அதனால் வெயில் தொடங்கியதுமே கூஜாவில் தண்ணீர் பிடித்து ஃபிரிஜ்ஜுக்குள் வைத்துவிடுவோம். ஆபீசர் டில்மன், நீங்கள் வீட்டுக்கு வந்தபோதும் அதிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தீர்கள்.

நடந்ததை என் வார்த்தைகளிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஏணி விஷயத்தை மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். ஆனால் ஏணியிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். தண்ணீரிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும்.

என் பெயர் ஆர்லீன் டகெட். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். கணவர் ஒருத்தர் இருந்தார், போய்விட்டார், அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிள்ளைகள் இல்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்கியதில் அந்த ஆசை தீர்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்வேன். அது முழு உண்மை இல்லை, இருந்தாலும் சொல்வேன்.

நான் இருக்கிற வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டவர் ராய் லிண்ட்வால். பேச்சே வராத மனிதர். குழாய் ஒழுகினால் தானே வந்து மாட்டுவார், வாடகையை ஏற்றவே மாட்டார், மாலையில் கார் நிறுத்துமிடத்தில் என்னோடு உட்கார்ந்து ஒரு பீர் குடித்துவிட்டுப் போவார். அவர் இறந்தபோது, சாவு வீட்டுக்கு இங்கே எல்லாரும் செய்துகொண்டு போகிற சீஸ் உருளைக்கிழங்கை நானும் ஒரு பெரிய தட்டு நிறையச் செய்துகொண்டு போனேன். அங்கேதான் அவருடைய ஒரே மகன் கர்ட்டை முதன்முதலில் பார்த்தேன். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. கறுப்புக் கோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தான். பாவமாக இருந்தது.

கர்ட் இருப்பது பிளாக்ஸ்டாஃபில். மலைமேல், பைன் மரங்களுக்கு நடுவில், ஜூலையிலும் போர்வை போர்த்திக்கொள்கிற ஊர். அப்பா போன பிறகு வீடு அவன் பெயருக்கு வந்தது. வந்ததும் என் தலைக்கு மேலே கூரை முழுவதும் சோலார் பேனல் போட்டான். மின்சாரத்தில் வரும் லாபம் அவனுக்கு. பேனல் போட்டதற்கு அரசாங்கம் தருகிற வரிச் சலுகை அவனுக்கு. சுத்தியல் சத்தம் மட்டும் எனக்கு. அடுத்த கல்யாண சீசனுக்குள் தனக்குத் திருமணம் ஆகப்போகிறது, அதற்கு முன் வீட்டை விற்கப்போகிறேன், இலையுதிர் காலத்துக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொன்னபோது தலையாட்டினேன்.

ஆனால் பயந்துபோனேன். அதை ஒளிக்கவில்லை. என் பென்ஷனுக்கு இந்த ஊரில் இப்போது கிடைப்பது யாரோ ஒருத்தர் வீட்டுப் பின்னறை, அவர்கள் நாயின் படுக்கைக்குப் பக்கத்தில். அந்த வீட்டை விட்டுப் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. மற்றதையெல்லாம் நீங்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கர்ட்டுக்கு வரித் தணிக்கை வந்தது. சலுகைக்கு ஒரு விதி இருந்தது. தான் குடியிருக்கிற வீட்டில் பேனல் போட்டால்தான் அது உண்டு, வாடகைக்கு விட்ட வீட்டில் போட்டால் கிடையாது. கர்ட் என்ன செய்திருக்கிறான் என்றால், மேசா வீட்டில் தானே குடியிருப்பதாகக் காட்டியிருக்கிறான். அதிகாரி நேரில் வந்து பார்க்கப்போகிறார். பையன் ஒரு பெட்டி டோனட்டோடு என் சமையலறைக்கு வந்து நின்றான்.

"மிஸஸ் டகெட், ஒரு சின்ன உதவி. ஒருநாள் மட்டும் நீங்க எங்கயாச்சும் போய்ட்டு வந்தா நல்லா இருக்கும். சினிமா, கடை, எங்க வேணாலும். செலவு என்னுது."

"நான் போயிடறேன் தம்பி. என் உள்பாவாடை, பல்செட்டு, பூனை இதெல்லாம் எங்க போகும்?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. டோனட்டைக் கடித்தபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் நான்தான் இருந்தேன்.

"சொந்தக்காரங்க யாராச்சும் கூட இருந்தா தப்பில்லல்ல?" என்று கேட்டேன்.

"தப்பில்ல. ஆனா எனக்குத்தான் யாருமே இல்லயே."

"ஆமா, பாவம். உங்கப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தா எவ்ளோ வசதியா இருந்திருக்கும்."

உதட்டில் சர்க்கரைத் தூளோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு என்னை அத்தையாக இருக்கும்படி கேட்டது அவன்தான். யோசனை அவனுடையது என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி வந்த அன்று காலையில் கர்ட் தன் சாமான்களைக் கொண்டுவந்து வீடு முழுக்கப் பரப்பினான். பல்துலக்கி, சட்டைகள், எல்லாம் சரி. பனிச்சறுக்குக் கட்டைகளையும் கொண்டுவந்து ஹாலில் சாத்தினான். மேசாவில். ஜூலையில். நான் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அதிகாரியின் பெயர் அப்போடாக்கா. இந்த ஊரிலேயே பிறந்து இந்த வெயிலிலேயே வெந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. வாசலில் இடம் இருந்தும் காரைத் தெருக்கோடியில் மர நிழலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கர்ட் வரவேற்கப் போய், பக்கவாட்டுக் கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளை நடுப்பகலில் வெறுங்கையால் பிடித்தான். அவன் போட்ட சத்தத்தில் பூனை பரணில் ஏறிவிட்டது. அப்போடாக்கா சட்டை நுனியால் தாழ்ப்பாளைத் தள்ளித் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று கர்ட் குழாயைத் திறந்தான். கைவைத்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டுக் காத்திருந்தான்.

"என்னமோ ரிப்பேர் போல. பச்சத்தண்ணி குழாய்ல சூடா வருது" என்றான்.

அப்போடாக்கா பேனாவைத் திறந்தார்.

"சார், வருஷத்துல எவ்ளோ நாள் இங்க இருப்பீங்க?"

"பாதி வருஷம்."

"எந்தப் பாதி?"

"பெரும்பாலும் கோடைல" என்றான் கர்ட்.

பிளாக்ஸ்டாஃபில் வீடு வைத்துக்கொண்டு கோடையை மேசாவில் கழிக்கிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டும். அப்போடாக்கா எழுதத் தொடங்கிவிட்டார். இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் கர்ட் மாட்டியிருப்பான், அவன் மாட்டினால் அபராதம் கட்ட அந்த மாதமே வீட்டை விற்றிருப்பான். நான் கூஜாவை மேசையில் வைத்தேன். அவனுடைய பின்தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"கோடைல எங்கடா இருந்த நீ? ரெண்டு நாள் தலையக் காட்டிட்டு, அத்தை இருக்காளா செத்தாளான்னு கூடக் கேக்காம மலை ஏறிடுவ. குளிர் வந்ததும் இங்க வந்து மூணு மாசம் என் சோபாவத் தேய்ப்ப. இதுல பாதி வருஷமாம். ஐயா, இவன் பேச்ச எழுதாதீங்க. என்னக் கேளுங்க. இவனுக்குக் குழாய்ல எந்தப் பக்கம் தண்ணி வருதுன்னே தெரியாது, அவன் அப்பன் மாதிரியே."

கர்ட் வாயைத் திறந்தபடி நின்றான். திட்டு வாங்கிய பையன் எப்படி நிற்பானோ அப்படியே நின்றான். நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்போடாக்கா சிரித்துவிட்டார்.

"எங்க அத்தையும் இப்படித்தாம்மா. வரி ஆபீஸ்ல இருக்கேன்னு கூடப் பாக்க மாட்டா, எல்லார் முன்னாடியும் காதைப் பிடிப்பா."

"பிடிக்கட்டும். பிடிக்க ஆள் இருக்கேன்னு சந்தோஷப்படுங்க."

"வாடகை ஏதாச்சும் குடுக்கறீங்களா இவருக்கு?"

"நானா? இவனுக்கா? இவன் மூக்கைத் துடைச்சு விட்டவ நான்."

வாடகைக்கு இருக்கிறவள் வீட்டுக்காரன் தலையில் தட்டுவாளா? அவர் நம்பியதில் தப்பே இல்லை. நான் ராயின் தங்கை, கர்ட் இங்கே வந்து தங்குகிறான், என்னிடம் வாடகை வாங்குவதில்லை என்று எழுதிய வாக்குமூலத்தில், பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுகிறோம் என்ற வரிக்குக் கீழே, நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதோடு தணிக்கை முடிந்தது. கார் போனதும் கர்ட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என்னை யாராவது கட்டிப்பிடித்து வெகு காலம் ஆகியிருந்தது. அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் தேதி தாண்டியதும் போன் செய்தான்.

"மிஸஸ் டகெட், இந்த மாச வாடகை இன்னும் வரலயே?"

"அத்தைன்னு கூப்பிடுடா. எந்த ஊர்ல அத்தை வாடகை குடுக்கறா? நாளைக்கு அப்போடாக்கா வந்து கேட்டா உனக்குத்தானே அசிங்கம்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் மட்டும் நிறுத்தினான்.

நான் மிரட்டவில்லை, ஆபீசர். எனக்கு மிரட்ட வராது. வீட்டுத் தரகர் வந்து முன்வாசலில் விற்பனைப் பலகையை நட்டபோது அதைப் பிடுங்கி உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். அத்தையை வெளியே தள்ளிவிட்டு வீட்டை விற்றால் மூடிய தணிக்கையை மறுபடி திறந்து பார்ப்பார்களோ என்னவோ என்று கர்ட்டிடம் என் கவலையைச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும், வார இறுதியில் வந்துவிட்டுப் போ என்றேன். வந்தான். பேனலில் படிந்த தூசியைக் கழுவினான், என் கார் ஆயிலை மாற்றினான், பூனையை மருத்துவரிடம் கொண்டு போனான். சோபாவில்தான் படுத்தான், அது அவனுக்குக் கொஞ்சம் குட்டை. பிறந்தநாளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு புகைப்படத்துக்கும் நின்றான். சிரிக்கவில்லை. ஆனால் அவன் அப்பாவும் புகைப்படத்தில் சிரிக்க மாட்டார்.

நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு பெய்லியை அழைத்துவந்தான். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கர்ட் வான்கோழியின் எலும்புகளைக் குப்பையில் போட வெளியே போயிருந்தபோது, அவர்கள் குடும்பத்தைப் பற்றி என்னிடம் கேட்டாள். அவன் எதுவுமே சொல்வதில்லையாம்.

அத்தையிடம் கேட்டால் அத்தை சொல்லத்தானே வேண்டும்? லிண்ட்வால் ஆண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் மூளை பிசகிவிடும் என்று சொன்னேன். தாத்தா தன் தானியக் கொட்டகைக்குத் தானே தீ வைத்தார் என்றேன். ராய் கடைசியில் பெற்ற மகனையே திருடன் என்று துரத்தினார் என்றேன். ராய் சாகும் நாள்வரை குறுக்கெழுத்துப் புதிரைப் பேனாவால், ஒரு அடித்தல் இல்லாமல் போட்டவர் என்பது வேறு விஷயம்.

"கர்ட்டுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"தெரியாதும்மா. சொல்லிடாத. இருக்கறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும். பிள்ளைங்கன்னு வரப்போ மட்டும் நீ கொஞ்சம் யோசிச்சுக்கோ."

அழுதாள். கைக்குட்டை கொடுத்தேன், பூசணி இனிப்பில் இன்னொரு துண்டும் வெட்டி வைத்தேன். வசந்த காலத்துக்கு முன்பே மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கல்யாணம் என்றால் வீட்டு விற்பனை. நான் விற்பனையைத்தான் நிறுத்தினேன். கல்யாணம் கூடவே நின்றுபோனது.

கர்ட் உடைந்துபோனான். அந்த மாதங்களில் வார இறுதி மட்டுமல்ல, இடையிலும் வந்து சோபாவில் படுத்துக் கிடந்தான். சூப் வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் மாலையில், யாரும் சொல்லாமலே, "தேங்க்ஸ் அத்தை" என்றான். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாலை இருந்ததாக நினைவில்லை.

ஜூன் மாதம் பெய்லியை ஏதோ ஒரு கடையில் பார்த்திருக்கிறான். நான் சொன்னதையெல்லாம் அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் மலையிலிருந்து இறங்கி நேரே என் வீட்டுக்கு வந்தான். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் வரி ஆபீஸ்ல போய் எல்லாத்தையும் சொல்லப்போறேன். சலுகையைத் திருப்பிக் கட்டறேன், அபராதம் கட்டறேன், கேஸ் போட்டாலும் போடட்டும். நீங்க இந்த மாசத்தோட வெளிய போகணும், மிஸஸ் டகெட்."

வெளியே போகச் சொன்னதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். மறுபடி மிஸஸ் டகெட் ஆக்கிவிட்டானே, அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாளே தரகர் வந்து வீட்டைப் படம் எடுக்கப்போகிறாராம். முந்தின வாரப் புழுதிப் புயலில் கூரையில் ஏதாவது உடைந்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்றான். பக்கத்து வீட்டு ஹார்லன் மிச்சிகனிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வருகிறவர். எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான், வெயில் தொடங்கியதும் ஜன்னலில் வெள்ளித்தாளை ஒட்டிவிட்டு வடக்கே ஓடிவிடுவார்கள். அவர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. அவருடைய ஏணியை நானே எடுத்துவந்து சாத்தினேன். மேலே வெயிலில் போன் கெட்டுவிடும் என்று அதை வாங்கிச் சமையலறையில் வைத்தேன். கர்ட் ஏறினான். அப்போது பகல் பதினொன்று இருக்கும். கீழே நின்று இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"கர்ட், கொஞ்சம் யோசிச்சுப் பாருடா."

"யோசிக்க ஒண்ணுமில்ல. ஏணியப் பிடிங்க, இறங்கறேன்."

பஸ்ஸில் ஒரு பிள்ளை அடங்கவே மாட்டேன் என்றால் நான் என்ன செய்வேன் தெரியுமா? கத்த மாட்டேன். வண்டியை ஓரம் கட்டி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். எவ்வளவு முரட்டுப் பிள்ளையும் கொஞ்ச நேரத்தில் வழிக்கு வந்துவிடும். அடித்ததே இல்லை. ஒரு பெற்றோரும் புகார் கொடுத்ததில்லை.

ஏணியை எடுத்தது நானா என்று கேட்டீர்கள். ஆம், நான்தான். இரவல் வாங்கிய பொருளை வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிடுவது என் பழக்கம். ஹார்லன் வீட்டில் வைத்துப் பூட்டினேன். பிறகு காரை எடுத்தேன். அவன் மேலிருந்து மிஸஸ் டகெட், மிஸஸ் டகெட் என்று கூப்பிட்டது கேட்டது. ஒரே ஒரு தடவை அத்தை என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். கூப்பிடவில்லை. சினிமாவுக்குப் போனேன். தியேட்டரில் நல்ல குளிர், கம்பளிச் சட்டை கொண்டுபோனது நல்லதாயிற்று. படம் சுமார்தான்.

படம் முடிந்து, மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தபோது அவன் கீழே கிடந்தான். குதித்திருக்கிறான். கூரைக்கு அடியில் சப்பாத்திக்கள்ளி வைத்திருக்கிறேன், அதன்மேல் விழுந்திருக்கிறான். கால் போகக்கூடாத பக்கம் போயிருந்தது. உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தன. ஐஸ்கிரீமைக் கூட உள்ளே வைக்காமல் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அது வரும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மருத்துவமனையில் உறவினர் யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று சொன்னேன். நர்ஸ் அவன் காதருகே குனிந்து, "இவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். நீங்கள் அப்போதுதான் கதவருகே வந்து நின்றீர்கள், உங்கள் சீருடையை அவனும் பார்த்தான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று நானும் குனிந்தேன். வாடகைக்கு இருக்கிறவள் என்று சொன்னால் வாக்குமூலம் பொய்யாகிவிடும். என்னை வெகுநேரம் பார்த்தான். உதடு வெடித்திருந்தது.

"அத்தை" என்றான்.

நான் அழுதுவிட்டேன். நீங்களும் பார்த்தீர்கள்.

நான் காபி வாங்கப் போன நேரத்தில் அவன் உங்களிடம் வேறு என்னவோ சொன்னதாகச் சொல்கிறீர்கள். வரி அலுவலகத்துக்கும் போன் போட்டுத் தரச் சொல்லி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். தலையில் அவ்வளவு வெயில் ஏறிய பையன் என்ன வேண்டுமானாலும் சொல்வான். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் எடுத்துக்கொள்ளவில்லை. எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். அவனுக்காக என் படுக்கையறையை ஒழித்து வைத்துவிட்டேன், நான் சோபாவில் படுத்துக்கொள்வேன்.

நீங்கள் இரண்டு நாளாக அவன் அறை வாசலில் ஆள் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆளையே கேட்டுப் பாருங்கள். பெய்லி வந்தாளா? வேறு யாராவது எட்டிப் பார்த்தார்களா? பூ வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே விடமாட்டோம் என்று சொல்லியும் போகாமல் நிற்பது யார்? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஆபீசர். என்னை விட்டால் அந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?